தசை வளர எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு ஓய்வு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டி பாறசாலை வரைக்கும் உள்ள ஜிம்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இரண்டு மூன்று வருடம் பழகியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே திரட்டியிருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறோம். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு முதல் ஐந்து பதில்களின் கணக்கு வேண்டும்.

1. மாஸ்டர், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்யணும்? ஒரு மணிக்கூர் போதுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஆனால் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டுப் பயிற்சியை அதற்குள் திணிக்காதீர்கள். எத்தனை செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு என்று முடிவாகிவிட்டால் நேரம் தானாக வந்துவிடும். 16 செட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செட்டுக்கு 40 விநாடி, ஓய்வு இரண்டரை நிமிடம். 16 தடவைக்கு 51 நிமிடம். வார்ம் அப்புக்குப் பத்து நிமிடம் சேர்த்தால் ஒரு மணி நேரம்.

இரண்டு மணி நேரம் இழுக்கிறது என்றால் செய்த பயிற்சியை எழுதிவைக்கும் நோட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். செட் 25-ஐத் தாண்டியிருக்கும், அல்லது மாலை ஆறு முதல் எட்டு வரையுள்ள நெரிசலில் மெஷினுக்குக் காத்து நின்றிருப்பீர்கள், அல்லது கையில் போன் இருந்திருக்கும். முதலாவதுதான் தசையைப் பாதிக்கும். மற்ற இரண்டும் நேரத்தை மட்டும் தின்னும்.

2. செட்டுன்னு எதை எண்ணணும்? வார்ம் அப்பும் அதுல சேருமா?

சேராது. ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப். இன்னும் ஒன்றிலிருந்து மூன்று ரெப்தான் மிச்சம் என்ற இடத்தில் நிறுத்திய செட்டை மட்டும் எண்ணுங்கள். அதை இந்தப் பக்கத்தில் 'கடின செட்' என்று சொல்கிறோம். பத்து ரெப் செய்து வைத்துவிட்டு, இன்னும் எட்டு செய்திருக்கலாம் என்று தோன்றினால் அது வார்ம் அப் கணக்கு.

மிச்சம் எத்தனை என்பதைத் தொடக்கத்தில் எல்லோரும் தப்பாகத்தான் கணிப்பார்கள். மாதம் ஒரு முறை லெக் எக்ஸ்டென்ஷன், பைசெப்ஸ் கர்ல் போன்ற ஆபத்தில்லாத ஒன்றில், மூன்று ரெப் மிச்சம் என்று நினைக்கிற இடத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு நிறுத்தாமல் தொடருங்கள். மூன்று என்று சொன்னவர் ஏழு செய்வது சாதாரணம். பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்தாலும் தெரியும். நீங்கள் முழு வேகத்தில் தள்ளும்போதும் பாரின் (எடைக்கம்பியின்) வேகம் தன்பாட்டில் குறையத் தொடங்கினால் கடைசி மூன்று ரெப்பை நெருங்கிவிட்டீர்கள்.

வார்ம் அப் நீளவேண்டாம். 60 கிலோவில் பெஞ்ச் பிரஸ் செய்யப் போகிறவர் வெறும் பாரில் பத்து, 40 கிலோவில் ஐந்து, 50 கிலோவில் இரண்டு செய்தால் போதும்.

3. அப்போ வாரத்துக்கு எத்தனை கடின செட் வேணும்?

ஒரு தசைத் தொகுதிக்கு வாரம் 10 என்பதைக் குறியாக வையுங்கள். பிராட் ஷோன்ஃபெல்டும் சகாக்களும் 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாரம் ஐந்துக்குக் குறைவாகச் செய்தவர்களைவிட பத்தோ அதற்கு மேலோ செய்தவர்களுக்குத் தசை கூடுதலாக வளர்ந்திருந்தது. ஆனால் ஐந்துக்குக் கீழே செய்தவர்களுக்கும் வளர்ந்தது. முதல் மூன்று மாதம் ஆறு முதல் எட்டு செட்டே தாராளம். வருடக்கணக்கில் பழகியவர்கள் 15, 20 வரை போகலாம், உறக்கமும் சாப்பாடும் அதற்கு ஈடுகொடுத்தால்.

பெஞ்ச் பிரஸ் நெஞ்சுக்கு ஒரு செட் என்றால் ட்ரைசெப்ஸுக்கு அரை செட். ரோவும் புல் அப்பும் முதுகுக்கு ஒன்று, பைசெப்ஸுக்கு அரை. இந்த அரைக் கணக்கை விட்டுவிடுவதால்தான் கைக்கு மட்டும் வாரம் 25 செட் போய்ச் சேருகிறது. முழங்கை வலியோடு வருகிறவர்களில் பலரின் நோட்டில் இதைத்தான் பார்க்கிறோம்.

4. திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகுன்னு வாரத்துக்கு ஒரு தடவை அடிச்சா போராதா?

வளராது என்று சொல்லமாட்டோம். வாரத்தின் மொத்தச் செட் ஒன்றாக இருந்தால், எத்தனை நாளாகப் பிரிக்கிறோம் என்பது பெரிய வித்தியாசம் செய்வதில்லை. சிக்கல் வேறு இடத்தில். ஒரே நாளில் நெஞ்சுக்குப் 12 செட் போடுகிறவர் ஏழாவது செட்டுக்குப் பிறகு எடையையும் ரெப்பையும் இழந்துகொண்டே போவார். அதே பன்னிரண்டை ஆறு ஆறாகப் பிரித்தால் எல்லாச் செட்டும் தரமாக விழும்.

தசை புதுப் புரதம் கட்டும் வேகத்தை மெக்டூகல் குழு 1995-ல் அளந்தது. கடினமான பயிற்சிக்குப் பிறகு நான்கு மணி நேரத்தில் அது 50 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரத்தில் 109 சதவீதம். 36-வது மணியில் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. திங்களன்று தூண்டிய தசையை அடுத்த திங்கள்வரை சும்மா விடவேண்டிய அவசியம் இல்லை என்பது இதில் தெரிகிறது.

வாரம் மூன்று நாள் வர முடிந்தவர் திங்கள், புதன், வெள்ளி மூன்றிலும் முழு உடம்பையும் செய்யட்டும். ஸ்குவாட் 3 செட், பெஞ்ச் பிரஸ் 3, ரோ 3, ஆர்.டி.எல். (ரொமேனியன் டெட்லிஃப்ட்) 2, ஷோல்டர் பிரஸ் 2, புல் அப் அல்லது புல்டவுன் 3, மொத்தம் 16. நான்கு நாள் வருகிறவர் திங்கள், வியாழன் மேலுடம்பு. செவ்வாய், வெள்ளி கால் என்று பிரிக்கலாம். ஆறு நாள் திட்டத்தை ஒரு வருடமாவது நோட்டு எழுதிப் பழகியவர்களுக்கு மட்டுமே சொல்வோம்.

5. செட்டுக்கு நடுவுல ஒரு நிமிஷத்துக்கு மேல ரெஸ்ட் எடுத்தா உடம்பு ஆறிப்போகும்னு சொல்றாவளே?

தசை அப்படி ஆறிப்போகாது. 2016-ல் வெளிவந்த ஒரு சோதனையில், ஏற்கெனவே பழகிய இளைஞர்களில் ஒரு பகுதியினர் ஒரு நிமிட ஓய்வோடும் மற்றவர்கள் மூன்று நிமிட ஓய்வோடும் எட்டு வாரம் ஒரே பயிற்சியைச் செய்தார்கள். வலிமையும் தசைப் பருமனும் மூன்று நிமிடக்காரர்களுக்கே கூடுதலாக ஏறின. காரணம் எளிது. மூச்சு அடங்கும் முன் அடுத்த செட்டுக்குப் போனால், தசை தோற்பதற்கு முன் மூச்சு தோற்றுவிடும். முதல் செட்டில் 10 ரெப், இரண்டாவதில் 6, மூன்றாவதில் 4 என்று விழுந்தால் ஓய்வு போதவில்லை.

ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச், ரோ ஆகியவற்றுக்கு இரண்டு முதல் மூன்று நிமிடம். கர்ல், லேட்டரல் ரெய்ஸ், கெண்டைக்கால் போன்ற சிறியவற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை. நேரம் இல்லாதவர்கள் ஓய்வை வெட்டாமல் எதிரெதிர்த் தசைகளை ஜோடி சேருங்கள். பெஞ்ச் ஒரு செட், ஒன்றரை நிமிடம், ரோ ஒரு செட், ஒன்றரை நிமிடம், மறுபடி பெஞ்ச். நெஞ்சுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓய்வு கிடைத்துவிடும், மொத்த நேரமும் கால்வாசிக்கு மேல் குறையும். நெரிசல் நேரத்தில் இரண்டு இடத்தைப் பிடித்துவைப்பது மற்றவர்களுக்கு இடைஞ்சல். அப்போது டம்பெல் இரண்டை வைத்து ஒரே பெஞ்சில் முடித்துக்கொள்ளுங்கள்.

6. கை தூக்கவே முடியாம ஆகுற வரைக்கும் ஒவ்வொரு செட்டும் போகணுமா?

வேண்டாம். ஒன்று இரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்தினாலும் வளர்ச்சி ஏறக்குறைய அதேதான். களைப்பு மட்டும் வெகுவாகக் குறையும். முதல் செட்டிலேயே முழுவதும் தோற்றுப்போனால் மீதிச் செட்டுகள் சரிந்துவிடும், அடுத்த பயிற்சிக்கும் அந்தக் களைப்பைச் சுமந்துகொண்டு வருவீர்கள். ஆசையாக இருந்தால் சிறிய தசைகளுக்கு, கடைசிச் செட்டில் மட்டும் தோற்கும்வரை போங்கள். ஸ்பாட்டர் (பக்கத்தில் நின்று பாரைப் பிடிக்க உதவும் ஆள்) இல்லாமல் பெஞ்ச் பிரஸில் ஒருபோதும் கூடாது. தனியாகச் செய்யும்போது பாரில் கிளிப் போடாமல் விடுங்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை உருட்டிவிடலாம்.

7. கனமா வச்சு கொஞ்சமா செய்யுறதா, லேசா வச்சு நிறைய செய்யுறதா?

ஐந்திலிருந்து முப்பது ரெப் வரை எதிலும் வளரும், செட் கடினமாக இருந்தால். முப்பது ரெப் ஸ்குவாட்டில் குமட்டல் வரும், ஐந்து ரெப் லேட்டரல் ரெய்ஸில் தோள் மூட்டு நோகும். ஆகவே பெரிய பயிற்சிகளுக்கு 6–10, சிறியவற்றுக்கு 10–20. எல்லாச் செட்டிலும் மேல் எல்லையைத் தொட்ட பிறகே இரண்டரை கிலோ ஏற்றுங்கள். உங்கள் ஜிம்மில் ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி இல்லையென்றால் வாங்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து கிலோ ஐந்து கிலோவாக ஏற்றுவதால்தான் ஷோல்டர் பிரஸ் மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கிறது.

8. 45 நிமிஷம் தாண்டினா கார்ட்டிசால் ஏறி தசையைத் தின்னுரும்னு வீடியோவுல பார்த்தேன்.

46-வது நிமிடத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பயிற்சியின்போது கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், முடிந்தபின் இறங்கும். அந்தச் சிறு நேர ஏற்ற இறக்கம் எவ்வளவு தசை வளரும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. நீண்ட பயிற்சி கெடுதல் ஆவது, செட்டின் தரம் விழுந்த பிறகும் தொடர்வதால்தான். ஒரே எடையில் ரெப் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அந்தத் தசைக்கு அன்றைக்கு அவ்வளவே.

9. மறுநாள் நடக்க முடியாத அளவு வலி. அதோட செய்யலாமா? இப்போ வலியே வரல்ல, அப்போ வளரல்லியா?

வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். பழக்கமில்லாத அசைவுக்கும், எடையை மெதுவாக இறக்கும் பகுதிக்கும் உடம்பு தரும் பதில் அது. அதே பயிற்சியை இரண்டாம் வாரம் செய்தால் பாதி வலிகூட இருக்காது. அதனால் வலி வரவில்லை என்பது வளரவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. வார்ம் அப் செட் செய்யும்போது வலி தளர்ந்து, அசைவு முழுமையாக வந்தால் தொடருங்கள். தளரவில்லை, எடை போன தடவையைவிடப் பாரமாகத் தெரிகிறது என்றால் அன்று வேறு தசையைச் செய்யுங்கள். மூட்டுக்குள் குத்துகிற வலி இந்தக் கணக்கில் வராது, அங்கே நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் செய்யவைப்பது இங்கே சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. கை கால் வீங்கி, மடக்க முடியாமல், சிறுநீர் கட்டன்காப்பி (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் போனால் அது சாதாரண வலி அல்ல. தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். முதல் வாரம் ஒரு பயிற்சிக்கு இரண்டு செட், நான்கு ரெப் மிச்சம் வைத்து நிறுத்துவது. அதற்கு மேல் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

10. நான் பால் வெட்டுக்குப் போறவன். வெளுப்புக்கே எழும்பி 350 மரம். சாயங்காலம் ஜிம்முக்கும் வந்தா உடம்பு தாங்குமா?

தாங்கும். வேலையையும் கணக்கில் எழுதினால். ரப்பர் தோட்டச் சரிவில் 300, 400 மரத்தைச் சுற்றி நடந்து, தாழ்ந்த பட்டைக்குக் குனிந்து வெட்டி, பிறகு பாலை எடுத்துச் சுமப்பது இடுப்புக்கும் கைப்பிடிக்கும் தொடைக்கும் ஏற்கெனவே ஒரு வேலைநாள். அதன் மேல் நான்காம் பதிலில் சொன்ன 16 செட்டை அப்படியே வைத்தால் முதுகுதான் முதலில் மறுக்கும். பத்துப் பன்னிரண்டு செட்டில் தொடங்குங்கள். டெட்லிஃப்டுக்குப் பதில் லெக் கர்லும் ஹிப் த்ரஸ்டும், குனிந்து செய்யும் ரோவுக்குப் பதில் நெஞ்சைப் பெஞ்சில் சாய்த்துச் செய்யும் ரோ. நெஞ்சு, தோள், ட்ரைசெப்ஸ் இவற்றுக்கு வேலையில் அவ்வளவு சுமை இல்லை. அவற்றுக்கு முழு அளவு வைக்கலாம்.

மரத்துக்கு நீங்கள் கொடுக்கிற முறையே இங்கேயும் பொருந்தும். ஒன்றுவிட்ட நாள் வெட்டுவது, இடையில் பால் ஊறட்டும் என்பதற்காக. தினமும் வெட்டினால் முதலில் பால் கூடுவதுபோல் தெரிந்து, பிறகு பட்டை காய்ந்து நின்றுவிடும். வெட்டு இல்லாத நாளை, அல்லது அதற்கு முந்திய மாலையை, கால் பயிற்சிக்கு வையுங்கள். வேலை முடிந்து வந்ததும் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் உறங்கிவிட்டு ஐந்து மணிக்கு ஜிம்முக்கு வருவது நல்ல ஏற்பாடு. ஜூன், ஜூலை மழையில் வெட்டு நிற்கிற நாள்களும், ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலை உதிர்த்து ஓய்வெடுக்கிற வாரங்களும் உங்களுக்கு நல்ல காலம். அப்போது தசைக்கு இரண்டு மூன்று செட் கூட்டி, வெட்டு தொடங்கியதும் பழைய அளவுக்கு இறங்குங்கள்.

கொத்தனார், கையாள் வேலை செய்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். 50 கிலோ சிமென்ட் மூட்டை தூக்கிய நாளில் ஷ்ரக்ஸும் டெட்லிஃப்டும் வேண்டாம்.

11. திருவனந்தபுரத்துல நைட் டூட்டி. காலைல வீட்டுக்கு வந்ததும் செஞ்சுட்டுப் படுக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். இரவெல்லாம் விழித்த உடம்பில் எடை பாரமாகத் தெரியும், பயிற்சிக்குப் பின் உறக்கமும் தள்ளிப்போகும். வந்ததும் லேசாகச் சாப்பிட்டு அறையை இருட்டாக்கி உறங்குங்கள். எழுந்து இரண்டு மணி நேரம் கழித்து, டூட்டிக்குக் கிளம்பும் முன் பயிற்சி. டூட்டியின் பின்பாதியில் காப்பி, சாயா வேண்டாம். அதன் பாதி வீரியம் ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

ஒரே ஓர் இரவு முழுக்க உறங்காத இளைஞர்களிடம் தசைப் புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் குறைந்ததாக 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. ஏழு மணி நேரம் உறங்க முடியாத வாரங்களில் செட்டை மூன்றில் இரண்டாகக் குறைத்து எடையை மட்டும் அப்படியே வையுங்கள். பகல் டூட்டி வாரத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

12. வீட்டுல மரச்சீனியும் மீன்கறியும்தான். பவுடர் வாங்காம முடியுமா?

முடியும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம். 2018-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பில் அதற்கு மேல் போனதால் பெரிய லாபம் தெரியவில்லை. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம்.

காலையில் புட்டு, கடலைக்கறி, இரண்டு அவித்த முட்டை. கடலை காய்ந்த நிலையில் 50 கிராம் என்றால் 10, முட்டை 12. மதியம் சாளையோ அயிலையோ முள் நீக்கி 150 கிராம் தின்றால் 30 வரை. மாலை நிலக்கடலை 40 கிராம், 10. இரவு கஞ்சியும் 50 கிராம் சிறுபயறும், 12; கூடவே வெந்த கோழி 100 கிராம், 25-க்குக் குறையாது. படுக்கும் முன் ஒரு பெரிய தம்ளர் பால், 8. மொத்தம் 107. சோறும் புட்டும் தருவதை இன்னும் சேர்க்கவில்லை. விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது சோயா உருண்டை 50 கிராம் சேர்த்தால் 26 கிராம் அதிலேயே வந்துவிடும்.

மரச்சீனியை யாரும் குறை சொல்லவேண்டாம். 100 கிராமில் புரதம் இரண்டு கிராமுக்கும் குறைவுதான். ஆனால் மாவுச்சத்து 30 கிராமுக்கு மேல். பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நிறைய தண்ணீரில் அவித்து வடித்த மரச்சீனி 200 கிராம், அல்லது அவித்த ஏத்தன்பழம் ஒன்று நல்ல எரிபொருள். தப்பு எங்கே நடக்கிறது என்றால், ஒரு தட்டு மரச்சீனிக்கு இரண்டு சாளை என்ற விகிதத்தில். தட்டில் மீனைக் கூட்டுங்கள்.

13. இந்தப் புழுக்கத்துல வெள்ளம் எவ்வளவு குடிக்கணும்?

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், அடுத்த சில மணி நேரத்தில். உப்புப் போட்ட கஞ்சிவெள்ளம் இதற்கு அருமையானது. ஏப்ரல், மே மாதங்களில் ஓடு, தகரக் கூரை ஜிம்களில் செட்டுக்கு இடையே அரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

14. ஆர்மி செலக்‌ஷனுக்கு 1600 மீட்டர் ஓடுறேன், ஞாயிறு பந்து விளையாட்டும் உண்டு. ஓடினா தசை கரையுமா?

கரையாது. ராபர்ட் ஹிக்சன் 1980-ல் செய்த சோதனையில், எடைப் பயிற்சியோடு வாரம் ஆறு நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் சேர்த்தவர்களின் கால் வலிமை ஏழெட்டு வாரம் வரை ஏறிப் பிறகு சரிந்தது. அவர்கள் செய்த அளவு மிக அதிகம். வாரம் இரண்டு மூன்று ஓட்டம் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. வேக ஓட்டத்துக்கும் கால் பயிற்சிக்கும் இடையே ஆறு மணி நேரமாவது விடுங்கள். ஒரே நேரத்தில்தான் முடியும் என்றால் இப்போது எது முக்கியமோ அதை முதலில். செலக்‌ஷனுக்கு முந்திய ஆறு வாரம் ஓட்டம் முதலில் வரட்டும், கால் செட் வாரம் ஐந்தாறு போதும். பந்து விளையாட்டையும் கால் வேலையாக எழுதுங்கள். சனியன்று கனமான ஸ்குவாட் செய்துவிட்டு ஞாயிறு மைதானத்தில் ஓடுவது தொடைப் பின்தசை பிடித்துக்கொள்ள வழி.

15. ஓவர் ட்ரெயினிங் ஆயிட்டுன்னு எப்படித் தெரியும்? டீலோட் எப்போ?

நோட்டில் தெரியும். ஒரே பயிற்சியில் தொடர்ந்து இரண்டு தடவை ரெப் குறைந்தால் முதல் அறிகுறி. காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடச் சில நாளாகவே ஏழெட்டு கூடியிருப்பது, அசதி இருந்தும் உறக்கம் வராதது, பசி குறைவது, ஜிம்முக்குப் போகவே வெறுப்பாக இருப்பது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தால் ஒரு வாரம் டீலோட். எடையை ஏறக்குறைய அப்படியே வைத்துச் செட்டைப் பாதியாக்குங்கள், ஒவ்வொரு செட்டிலும் நான்கு ரெப் மிச்சம் வையுங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தால் நாள்காட்டியைப் பார்த்து டீலோட் எடுக்கவேண்டாம். கனமாகச் செய்கிறவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு முறை தேவைப்படும்.

16. மூணு மாசமா எதுவும் ஏறல்ல. செட்டைக் கூட்டவா, குறைக்கவா?

முதலில் உடல் எடை. வாரம் மூன்று நாள் காலையில் பார்த்துச் சராசரி எடுங்கள். 65 கிலோ ஆளுக்கு வாரம் 150 முதல் 300 கிராம் ஏறினால் சரி. ஏறவேயில்லை என்றால் சாப்பாட்டைக் கூட்டுவதுதான் மருந்து, செட்டைத் தொடாதீர்கள். எடை ஏறுகிறது, வலிமை ஏறவில்லை என்றால் இரண்டாம் பதிலில் சொன்ன சோதனையைச் செய்து செட் உண்மையிலேயே கடினமா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், அடுத்த பயிற்சிக்கு வரும்போது அந்தத் தசை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வலி இல்லை, தெம்பாக வருகிறீர்கள், ஆனால் ஏறவில்லை: தூண்டல் போதவில்லை. அந்தத் தசைக்கு மட்டும் வாரம் இரண்டு செட் கூட்டி நான்கு வாரம் பாருங்கள். வலியோடும் களைப்போடும் வருகிறீர்கள்: டீலோட் எடுத்து, முன்பு செய்ததில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து தொடங்குங்கள். 22 செட் செய்தவர் 14-க்கு இறங்கியதும் வலிமை ஏறத் தொடங்குவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. எல்லாப் பயிற்சியும் ஒன்றாக நின்றுபோனால் உறக்கத்திலோ சாப்பாட்டிலோ தேடுங்கள். ஒன்று மட்டும் நின்றால் அந்தப் பயிற்சியின் உத்தியில் தேடுங்கள்.

17. எனக்க கூட்டுக்காரன் ஊசி போட்டு தினமும் ரெண்டு மணிக்கூர் செய்யுறான், நல்லா வளருறான். அதே ப்ரோகிராம் நானும் செய்யட்டா?

வேண்டாம். ஷலேந்தர் பாசின் குழு 1996-ல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். பத்து வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டு, எடையே தூக்காதவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை மூன்று கிலோவுக்கு மேல் ஏறியது. ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இரண்டு கிலோ அளவில்தான். அவர் வளர்வதற்கு அவருடைய ப்ரோகிராம் காரணம் என்று சொல்லவே முடியாது.

அந்த ஊசியால் விந்தகம் தன் சுரப்பை நிறுத்தும், நல்ல கொலஸ்ட்ரால் விழும், இதயச் சுவர் தடிக்கும், மாத்திரை வடிவம் ஈரலைக் கெடுக்கும். நண்பரிடம் சண்டை போடவேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள், டாக்டரிடம் மறைக்காமல் பேசச் சொல்லுங்கள். ஒரேயடியாக நிறுத்துவதிலும் சிக்கல் உண்டு.

18. பயிற்சி முடிஞ்சதும் ஐஸ் வெள்ளத்துல இறங்கலாமா? ஆசான்கிட்ட எண்ணெய் போட்டுத் திருமலாமா?

தசை வளர்க்கிறவர் பயிற்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் உட்காரவேண்டாம். 2015-ல் 12 வாரம் நடந்த சோதனையில், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பத்து நிமிடம் குளிர்நீரில் இருந்தவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது. ஆற்றில் சாதாரணமாகக் குளிப்பதற்கு இது பொருந்தாது. எண்ணெய்த் திருமல் வலியைக் குறைக்கும், நல்ல உறக்கம் தரும். அழுத்தித் திருமிய மறுநாள் கனமாகச் செய்யாமல் ஒரு நாள் விடுங்கள். வீக்கமும் கருநீலமுமாக இருக்கிற இடத்தைத் திருமக் கொடுக்காதீர்கள். முதலில் ஸ்கேன்.

19. அப்பாக்கு 54 வயசு, கொஞ்சம் பிரஷர் உண்டு. அவியளும் செய்யலாமா?

டாக்டர் சம்மதித்தால் கட்டாயம் செய்யட்டும். வாரம் இரண்டு மூன்று நாள், தசைக்கு ஆறு முதல் எட்டு செட், மூன்று ரெப் மிச்சம். மூச்சைப் பிடித்துத் தள்ளக்கூடாது, தள்ளும்போது மூச்சு வெளியே போகவேண்டும். ஒரு தசையைச் செய்ததற்கும் அதை அடுத்த முறை செய்வதற்கும் இடையே 72 மணி நேரம் விடலாம். வயதானவர்களுக்கு ஒரு வேளையில் கொஞ்சம் புரதம் போதாது. மூன்று வேளையும் 30 கிராம் வரவேண்டும்.

20. கல்ஃப்ல இருந்து ரெண்டு மாச லீவுல வந்திருக்கேன். தினமும் ரெண்டு நேரம் செஞ்சு திரும்பிப் போகும்போது உடம்போட போகணும்.

எட்டு வாரத்தில் தெரிகிற மாற்றம் கிடைக்கும், ஆனால் தினம் இரண்டு நேரம் செய்தால் மூன்றாம் வாரத்தில் தோளோ முதுகோ பிடித்துப் பாதி லீவு வீணாகும். முதல் வாரம் மூன்று நாள், ஒன்பதாம் பதிலில் சொன்ன அளவு. இரண்டு முதல் ஐந்தாம் வாரம் வரை நான்கு நாள் பிரிவு, தசைக்கு எட்டிலிருந்து 12 செட் வரை படிப்படியாக. ஆறாவது வாரம் பாதி. கடைசி இரண்டு வாரம் மீண்டும் 12. கல்யாண வீடுகளும் விருந்தும் லீவில் தவிர்க்க முடியாது. விருந்து நாளுக்கு மறுநாள் கால் பயிற்சியை வையுங்கள். மது மட்டும் பயிற்சி முடிந்த இரவில் வேண்டாம். அளவுக்கு மீறிக் குடித்தபோது, புரதம் சாப்பிட்டிருந்தும் தசை கட்டும் வேகம் 24 சதவீதம் குறைந்ததாக 2014 ஆய்வு ஒன்று காட்டியது.

திரும்பிப் போன பிறகுதான் பலரும் முழுவதையும் இழக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. இளைஞர்களுக்கு, முன்பு செய்த செட்டில் ஒன்பதில் ஒரு பங்கே பல மாதம் தசையைக் காத்ததாக 2011-ல் வந்த ஆய்வு சொல்கிறது. வயதானவர்களுக்கு அது போதவில்லை. கேம்ப் அறையில் வாரம் ஒரு நாள் இருபது நிமிடம் போதும்: பையில் எடை வைத்துப் புஷ் அப் இரண்டு செட், ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி ரோ இரண்டு, ஒற்றைக்கால் ஸ்குவாட் இரண்டு, எல்லாம் கடின செட்டாக. அடுத்த லீவில் வந்து சேரும்போது முதல் வாரம் பழைய எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஏற்றினால் சரியாக இருக்கும்.